நெற்றிக்குப் பின்னால் ஒரு மேஸ்திரி!

கோபத்தை அடக்குவது, வாய்வரை வந்த வார்த்தையை விழுங்குவது, ஆரம்பித்த வேலையை முடிப்பது... இதையெல்லாம் 'குணம்' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதற்கென்றே மூளையில் ஒரு பகுதி இருக்கிறது. அதற்கு அடிபட்டால் வீட்டில் என்ன நடக்கும்?

வெள்ளிக்கிழமை காலை. ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை.

வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிற ஊர் இது. மலைக் கிராமங்களிலிருந்தும் சுத்துப்பட்டு ஊர்களிலிருந்தும் ஆடுகளைக் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். தீபாவளி, பக்ரீத் நெருங்கிவிட்டால் கூட்டத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்!

அந்தக் கூட்டத்துக்குள் ஒருவர் நுழைகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜோடி ஆடு வாங்க வேண்டும். கிளம்பும்போதே வீட்டுக்காரம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். "இருபதாயிரத்துக்கு மேல ஒத்த ரூபா ஏத்தாதீங்க. பையனுக்கு ஃபீஸ் கட்டணும், ஞாபகம் இருக்கட்டும்!"

உள்ளே ஒரே இரைச்சல். ஆடுகளின் சத்தம், பேரம் பேசுகிற சத்தம், டீக்கடைப் பாட்டு. கொழுகொழுவென்று ஒரு ஜோடி கண்ணில் படுகிறது. தரகர் விடுவாரா? "இன்னா நைனா யோசிக்கிற? இருபத்தி நாலு குடுத்துட்டு ஓட்டிக்கினு போ. நீ விட்டா அடுத்தவன் ரெடியா நிக்கிறான்!"

இவருடைய கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறது. ஒரு நிமிஷம்... நிற்கிறது. "வேணாம்ணே" என்று நகர்கிறார். வேறு இடத்தில் பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவிப் பார்த்து, பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுக்கு முடிக்கிறார். வழியில் ஒரு சிநேகிதர், "வா மச்சான், ஒரு ரவுண்டு போட்டுட்டுப் போலாம்" என்று கூப்பிட, "இன்னொரு நாள் பாத்துக்கலாம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஆட்டை வண்டியில் ஏற்றுகிறார்.

'இதில் என்ன அதிசயம்? தினமும் நடக்கிறதுதானே!' என்கிறீர்களா? அந்த ஒரு மணி நேரத்தில் அவர் மூளை பார்த்த வேலை கொஞ்சநஞ்சம் இல்லை.

மூன்று வேலை, ஒரு மேஸ்திரி

வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரியைப் பார்த்திருப்பீர்கள். எல்லாக் கல்லையும் அவரே எடுத்து வைப்பதில்லை. யார் எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், சிமென்ட் வர லேட்டானால் அதுவரை ஆட்களை எந்த வேலைக்குத் திருப்ப வேண்டும் என்று பார்த்துக்கொள்வார். அவர் ஒருநாள் வராவிட்டால் ஆட்களும் இருப்பார்கள், மணலும் இருக்கும். சுவர்தான் எழும்பாது!

நம் மூளையிலும் அப்படி ஒரு மேஸ்திரி உண்டு. இடம், நெற்றி எலும்புக்கு நேர் பின்னால். டாக்டர்கள் 'ப்ரீஃப்ரன்ட்டல் கார்ட்டெக்ஸ்' என்பார்கள். நாம் 'முன்மூளை' என்றே வைத்துக்கொள்வோம். இது தனியாக வேலை செய்வதில்லை. மூளையின் உள்ளே இருக்கிற வேறு பகுதிகளோடு கம்பி இழுத்தாற்போல இணைந்துதான் வேலை பார்க்கிறது. அதன் முக்கிய வேலைகள் மூன்று.

முதலாவது, நோக்கத்தை மனசில் பிடித்து வைப்பது. 'இருபதாயிரம்தான்' என்கிற கணக்கு, அத்தனை இரைச்சலிலும் நழுவாமல் இருந்ததே, அது இதனால்தான்.

இரண்டாவது, பிரேக் போடுவது. பணத்தை எடுக்கப்போன கையை நிறுத்தியது இது. கிளம்பிவிட்ட ஒரு செயலை நிறுத்த மூளைக்கு ஏறக்குறைய கால் விநாடி போதும் என்று பரிசோதனைகள் காட்டுகின்றன. மாமியார் ஏதோ சொல்ல, மருமகள் பதிலுக்கு வாயைத் திறந்து, சட்டென்று மூடிக்கொள்கிறாரே... அந்தக் கால் விநாடியில்தான் பல குடும்பங்கள் தப்பித்துக்கொண்டிருக்கின்றன!

மூன்றாவது, பாதையை மாற்றுவது. இந்த ஆடு கட்டுப்படியாகாது என்றால் அங்கேயே நின்று அடம்பிடிக்காமல் வேறு ஆட்டைத் தேடுவது. சமைக்கிற நேரத்தில் கேஸ் தீர்ந்துபோனால், கையைப் பிசைந்துகொண்டு நிற்காமல், "சரி, இன்னிக்குத் தயிர்சாதம், ஊறுகாய்" என்று திட்டத்தையே திருப்புகிறீர்களே, அதுவும் இதே வேலைதான்.

சமையலறையில் தவித்த தங்கை... இல்லை, அக்கா!

இந்த மேஸ்திரியைப் பற்றிய ஒரு முக்கியமான பாடம், ஒரு சமையலறையில்தான் கிடைத்தது. அதற்கும் ஒடுகத்தூருக்குப் பக்கத்து வேலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு.

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1949-ல் நரம்பியல் சிகிச்சைப் பிரிவை ஆரம்பித்தவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. இந்தியாவில் மூளை அறுவைச் சிகிச்சைக்கென்று முறையாக ஏற்பட்ட முதல் துறை அது. சாண்டி பயிற்சி பெற்றது கனடாவில், மான்ட்ரியல் நகரில். அங்கே அவருக்கு ஆசானாக இருந்தவர், உலகப் புகழ்பெற்ற மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர் டாக்டர் வைல்டர் பென்ஃபீல்டு.

பென்ஃபீல்டுக்கு ரூத் என்று ஓர் அக்கா. ரொம்ப வருஷமாகத் தலைவலி, வலிப்பு. பரிசோதித்தால், மூளையின் வலது முன்பகுதியில் கட்டி! 1928-ல் தம்பியே கத்தி எடுத்தார். உயிரைக் காப்பாற்ற, அந்தப் பக்கத்து முன்மூளையின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று.

அக்கா பிழைத்தார். பேச்சு தெளிவு. ஞாபகம் சரியாக இருந்தது. கை கால் நன்றாக இயங்கியது. மரியாதை, பாசம் எதுவும் குறையவில்லை. பார்க்கிறவர்கள் ஒரு குறையும் சொல்ல முடியாது.

சுமார் ஒண்ணேகால் வருஷம் கழித்து, ஒரு நாள் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். வீட்டு ஆட்கள் நாலு பேர், விருந்தாளி ஒருவர். பிரமாதமான விருந்து ஒன்றும் இல்லை, சாதாரணச் சாப்பாடுதான். சமைக்க ஒரு முழு நாள் இருந்தது. சந்தோஷமாகத்தான் ஆரம்பித்தார். சாப்பிடுகிற நேரம் வந்தது. சாமான்கள் எல்லாம் சமையலறையில் இருக்கின்றன. ஒன்றிரண்டு பாத்திரம் அடுப்பில். ஆனால் காய்க் கலவை தயாராகவில்லை, இறைச்சியை அடுப்பில் ஏற்றவே இல்லை. நடுவில் அக்கா, களைத்துப் போய், குழம்பிப் போய் நிற்கிறார். யாராவது கூட நின்று உதவினால் எல்லாம் மளமளவென்று முடிந்துவிடும். தனியாகத்தான் முடியவில்லை.

இதை 1935-ல் பென்ஃபீல்டு மருத்துவ உலகத்துக்கு எழுதி வைத்தார். அதற்குள் அக்கா காலமாகிவிட்டார். கட்டி மறுபடி வளர்ந்துவிட்டது.

ஒவ்வொரு பதார்த்தமும் எப்படிச் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எதை முதலில், எதை அடுத்து, எதை ஒரே சமயத்தில் என்று ஓட்டுகிற மேஸ்திரிதான் இல்லை! தினமும் காலையில் ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் பால், நடுவில் டிபன் பாக்ஸ், குழந்தையின் ஷூ என்று ஓடுகிற நம் வீட்டுப் பெண்மணிகளின் மூளை என்ன வேலை பார்க்கிறது என்பது இதைப் படித்தால்தான் புரியும்.

கம்பி துளைத்த மனிதர்

இன்னொரு கதை, அதைவிடப் பழையது. அமெரிக்காவில் ரயில் பாதை போடுகிற கோஷ்டிக்கு மேஸ்திரியாக இருந்தவர் ஃபினியஸ் கேஜ். வயது 25. 1848 செப்டம்பர் 13 அன்று, பாறைக்கு வெடி வைக்கும்போது, மூன்றரை அடிக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி அவருடைய இடது கன்னத்துக்குள் புகுந்து, உச்சந்தலை வழியாக வெளியே பறந்தது. ஆள் சாகவில்லை! கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து பேசினார்.

ஆனால் பொறுப்பான, நிதானமான அந்த வாலிபர், அதற்குப் பிறகு சட்டென்று கோபப்படுகிறவராக, கெட்ட வார்த்தை பேசுகிறவராக, திட்டம் போட்டு உடனே கைவிடுகிறவராக மாறிவிட்டார் என்று அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் ஹார்லோ எழுதினார். பழைய வேலையை அவருக்குத் திரும்பக் கொடுக்கவில்லை.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் கேளுங்கள். கேஜ் பிறகு சிலி நாட்டுக்குப் போய், பல வருஷம் குதிரை வண்டி ஓட்டிப் பிழைத்தார். தினமும் அதே நேரம், அதே பாதை, அதே வேலை. ஒழுங்கான அந்தத் தினசரி வழக்கமே அவருக்கு வெளியிலிருந்து ஒரு மேஸ்திரியாக இருந்திருக்கலாம் என்று இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். இது நமக்கு ரொம்ப முக்கியமான விஷயம். ஏன் என்று சொல்கிறேன்.

"ஆக்ஸிடென்டுக்கு அப்புறம் ஆளே மாறிட்டாரு!"

நம் ஊரில் கம்பி துளைப்பதில்லை. பைக்கிலிருந்து விழுகிறோம். ஹெல்மெட் இல்லை. தலை தரையில் மோதி நிற்கிறது. உள்ளே மூளை நிற்பதில்லை, முன்னால் சறுக்குகிறது. கண்குழிகளுக்கு மேலே இருக்கிற எலும்புத் தளம் வழவழப்பானது அல்ல, மேடும் பள்ளமும் நிறைந்தது. அதில் உரசி, முன்மூளையின் அடிப்பக்கம் கன்றிப்போகிறது. தலையின் பின்பக்கம் அடிபட்டால்கூட முன்மூளை பாதிக்கப்படுவது இதனால்தான்.

தையல் பிரித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நடக்கிறார், சாப்பிடுகிறார், எல்லாரையும் அடையாளம் தெரிகிறது. "கடவுள் காப்பாத்திட்டார்" என்று நிம்மதி. இரண்டு மாதத்தில் மனைவி அழ ஆரம்பிக்கிறார். "முன்னெல்லாம் அதிர்ந்து பேச மாட்டாரு. இப்ப தட்டைத் தூக்கி எறியறாரு." "சொன்ன வேலையைப் பாதியில விட்டுட்டு உட்கார்ந்துடறாரு." "கையில காசு இருந்தா கண்டதை வாங்கிட்டு வந்துடறாரு." "குளிக்கக்கூட நான் சொல்லணும்."

சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்? "சோம்பேறியாயிட்டான்." "பொண்டாட்டி இடம் குடுத்துட்டா." யாருக்கும் மூளை ஞாபகத்துக்கு வருவதில்லை. சில சமயம் ஸ்கேனில்கூடப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால் 'நடிக்கிறான்' என்ற பழியும் சேர்ந்துகொள்கிறது.

அன்பான வாசகர்களே, ஒன்றை மனசில் வையுங்கள். தலையில் அடிபட்ட பிறகு ஒருவரின் சுபாவம் மாறினால், அது வைத்தியம் பார்க்க வேண்டிய விஷயம். திட்டித் திருத்துகிற விஷயம் இல்லை. நரம்பியல் டாக்டர், மனநல டாக்டர், மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவு... இவர்களிடம் போக வேண்டும். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் இயங்கி வருகிறது. மற்ற ஊர்க்காரர்கள் அருகில் இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்தில்தான் தேறுவது வேகமாக இருக்கும். அதற்குப் பிறகும் மெதுவாகத் தேறுவார்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்? குதிரை வண்டி ஓட்டிய கேஜை நினைத்துக்கொள்ளுங்கள். எழுவது, குளிப்பது, சாப்பிடுவது, நடப்பது எல்லாம் தினமும் ஒரே நேரத்தில். அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே வேலை சொல்லுங்கள். 'கடைக்குப் போய், மாவு வாங்கி, வர்ற வழியில பில் கட்டிட்டு...' என்று அடுக்காதீர்கள். டி.வி. சத்தத்துக்கு நடுவில் பேசாதீர்கள். கோபம் வந்தால் பதிலுக்குப் பேசாமல் பத்து நிமிஷம் விலகி இருங்கள். பணப் பொறுப்பைக் கொஞ்ச காலம் வேறொருவர் பார்க்கட்டும். பார்த்துக்கொள்கிறவருக்கும் ஓய்வு வேண்டும். அவர் உடைந்துவிட்டால் அந்த வீட்டுக்கு இரண்டு நோயாளி!

குரங்கை நினைக்காதே!

சரி, அடிபடாத நம் விஷயத்துக்கு வருவோம். 'மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே' என்று வைத்தியர் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். மருந்துக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாலே குரங்குதான் வந்து நிற்கும்! 1987-ல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் இதையே பரிசோதனையாகச் செய்தார். குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. 'ஐந்து நிமிஷம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள். நினைத்தால் மணி அடியுங்கள்' என்றார். சராசரியாக நிமிஷத்துக்கு ஒரு தடவைக்கும் மேல் மணி அடித்தது! அதுமட்டுமா? 'இனிமேல் நினைக்கலாம்' என்றதும், அடக்கி வைத்தவர்களுக்குத்தான் கரடி இன்னும் அதிகமாக வந்தது.

காரணம் சுலபம். 'நினைக்கிறேனா?' என்று காவல் காப்பதற்கே மூளை அந்தக் கரடியை ஞாபகம் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் 'கரடி வந்தால் சிவப்புக் காரை நினையுங்கள்' என்று மாற்று ஒன்றைக் கொடுத்தபோது அந்தத் தொல்லை குறைந்தது. ஆகவே, கெட்ட நினைப்பை 'வராதே' என்று அதட்டுவதைவிட, வேறொன்றைக் கையில் கொடுப்பது நல்லது. பூஜையில் உட்கார்ந்தால் மனம் அலைகிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கும், சிகரெட்டை விட நினைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மேஸ்திரிக்கு எதிரிகள் யார்?

தூக்கமின்மை: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவே 30 மில்லிகிராம்தான்! ராத்திரி முழுக்கக் கண்விழித்துவிட்டு பைக்கை எடுப்பவர்கள் யோசிக்கட்டும்.

மது: முதலில் மயங்குவது இந்தப் பிரேக்தான். அதனால்தான் 'ஒண்ணே ஒண்ணு' என்று உட்காருகிறவர் நாலில் எழுந்திருக்கிறார்.

அளவுக்கு மீறிய மன அழுத்தம்: பயமும் பதற்றமும் ஏறும்போது முன்மூளை பின்வாங்கி, பழக்கதோஷம் முன்னுக்கு வந்துவிடும்.

வீட்டுக்கு வீடு செய்யக்கூடியவை

* மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். சர்க்கரைக்காரர் வீட்டில் மைசூர்பாகு டப்பா மேஜை மேல் இருந்தால் மேஸ்திரி நாள் முழுக்கக் காவல் காக்க வேண்டும். டப்பாவே இல்லையென்றால் அவருக்கு ஓய்வு!

* 'இனிமே கோபப்பட மாட்டேன்' என்ற பொதுவான சபதம் பலிக்காது. 'குரல் உயர்ந்தால் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன்' என்று குறிப்பாக முடிவு செய்யுங்கள்.

* செல்போனைப் படிக்கிற மேஜையில் வைக்காமல் அடுத்த அறையில் வையுங்கள். பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, அப்பாவுக்கும்தான்.

* தினமும் வேகமான நடை, நேரத்துக்குத் தூக்கம்.

* பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட், ஸ்ட்ராப் மாட்டி. பக்கத்துக் கடைக்குத்தான் போகிறீர்கள் என்றாலும்!

வழக்கமாக வருகிற சந்தேகங்கள்

"என் பையனுக்கு 16 வயசு. சொன்னா புரியுது, செய்யும்போது மறந்துடறான். வளர்ப்பு சரியில்லையா?"

முன்மூளைதான் மூளையில் கடைசியாக முதிர்ச்சி அடைகிற பகுதிகளில் ஒன்று. இருபதுகளின் நடுப்பகுதி வரை ஆகும். ஆக்ஸிலரேட்டர் ரெடி, பிரேக் இன்னும் ஃபிட்டிங்கில்! பைக் சாவியை லைசென்ஸ் வரும்வரை தராமல் இருங்கள். மற்றதற்குப் பொறுமை.

"மிட்டாயைச் சாப்பிடாமக் காத்திருக்கிற குழந்தைதான் முன்னுக்கு வரும்னு சொல்றாங்களே?"

அமெரிக்காவில் வால்டர் மிஷெல் என்பவர் 1960-களின் கடைசியில் ஆரம்பித்த பரிசோதனை அது. 2018-ல் இன்னும் அதிகக் குழந்தைகளிடம் பார்த்தபோது, குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் சேர்த்தால் அந்தத் தொடர்பு ரொம்பக் குறைந்துபோயிற்று. ஆகவே மிட்டாயை வைத்து ஜாதகம் பார்க்காதீர்கள். ஆனால் காத்திருந்த குழந்தைகள் மிட்டாயை முறைத்துப் பார்க்காமல், திரும்பிக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள். அந்த உபாயத்தைச் சொல்லிக் கொடுக்கலாம்.

"அப்பாவுக்கு 58. அடி எதுவும் படலை. திடீர்னு கூச்சமில்லாமப் பேசறார், காசை வாரி இறைக்கிறார்."

நடுத்தர வயதில் சுபாவம் இப்படி மாறினால் வயசுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மனநோய், மூளைக் கட்டி, முன்மூளையைத் தாக்குகிற ஒருவகை மறதி நோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

உடனே ஆஸ்பத்திரி!

தலையில் அடிபட்டவருக்குத் திரும்பத் திரும்ப வாந்தி, அதிகமாகிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினாலும் விழிக்காத மயக்கம், வலிப்பு, பேச்சில் குழறல், ஒரு பக்கம் பலவீனம், மூக்கு அல்லது காதிலிருந்து ரத்தமோ தண்ணீர் போன்ற திரவமோ வந்தால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். 108-க்கு போன் செய்யுங்கள்.

சந்தைக்குப் போனவரை விட்டுவிட்டோமே! ஆட்டோடு வீட்டுக்கு வந்து, மிச்சம் ஐந்நூறு ரூபாயை மனைவி கையில் கொடுக்கிறார். "பரவாயில்லையே!" என்கிறார் அவர். வண்டியை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறார் இவர். அந்த ஐந்நூறை மிச்சம் பிடித்த மேஸ்திரி, அந்தத் தொப்பிக்குள்தான் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கிறார்.